பழைய மெத்தை, சோஃபா போன்ற பெரிய சாமான்களை எடுத்துப்போக நகராட்சி தனிக் கட்டணம் வாங்குவது நியாயமா?

கேள்வி கேட்டவர் பழனி மலைப் பக்கத்துக்காரர். சொத்து வரியோடு குப்பைக்கும் சேர்த்துக் கட்டுகிறோமே, அப்புறம் மெத்தைக்கும் சோஃபாவுக்கும் தனியாக எதற்குக் காசு என்பது அவருடைய ஆதங்கம். நான் நீலகிரி. வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. வீட்டை ஒட்டி மூன்று அறைகள் கட்டி, சுற்றுலா வருகிறவர்களுக்கு வாடகைக்கு விடுகிறேன். எங்கள் ஊரிலும் இதே பேச்சுதான். ஊர்ப் பெயரைச் சொல்லவில்லை, எந்த அலுவலகத்தையும் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை.

என் பதில் இதுதான்: கட்டணம் வாங்கலாம். ஆனால் சாமானைப் போடுகிற அன்றைக்கு, வாசலில் நின்றுகொண்டு, குடும்பங்களிடம் வாங்கக் கூடாது. மலையில் அப்படி வாங்கினால் சாமான் வண்டியில் ஏறாது, பள்ளத்தில் இறங்கும். இதை நான் ஊகித்துச் சொல்லவில்லை. என் மாமியார் படுத்திருந்த மெத்தை அப்படித்தான் போனது.

நல்ல இலவம்பஞ்சு மெத்தை. நீலக்கோடு போட்ட தடித்த துணி. ஒரு மூலை கிழிந்தபோது கையில் கிடைத்த சிவப்பு நூலால் அவரே தைத்து வைத்திருந்தார். அவர் போன பிறகு அதை யாருக்கும் கொடுக்க மனசு வரவில்லை, பின்பக்க அறையில் சுருட்டி வைத்தோம். அந்த வருட ஜூன் மழையில் ஓதம் பிடித்து, கறுப்புக் கறுப்பாகப் பூசணம் பூத்துவிட்டது. பேரப்பிள்ளைக்கு இளைப்பு இருப்பதால் வீட்டில் வைத்துக்கொள்ள முடியாத நிலை. குப்பை வண்டியில் கேட்டேன், மெத்தையெல்லாம் இதில் வராது என்றார்கள். போன் போட்டுக் கேட்டேன். தனி வண்டி சொல்ல வேண்டும், அதற்குத் தனிக் காசு என்றார்கள். எவ்வளவு, யாரிடம் கட்டுவது, என்றைக்கு வருவீர்கள் என்ற மூன்றுக்கும் ஒரே ஆளிடம் பதில் கிடைக்கவில்லை. நான்கு நாள் அலைந்த பிறகு, தெருவில் குட்டி யானை ஓட்டும் தம்பி ஒருவர் "கொடுங்க அக்கா, நான் பாத்துக்கறேன்" என்றார். 400 ரூபாய் கொடுத்து அனுப்பினேன். மனசு லேசானது.

இரண்டு மாதம் கழித்து, எஸ்டேட் வழியாகக் குறுக்குப் பாதையில் இறங்கும்போது ரோட்டு வளைவுக்குக் கீழே ஓடையில் ஒரு மெத்தையைப் பார்த்தேன். பாதி தண்ணீருக்குள் கிடந்தது. பஞ்சு வெளியே வந்து கல்லிலும் உண்ணிச்செடியிலும் ஒட்டியிருந்தது. நீலக்கோடு மங்கிவிட்டது. மூலையில் அந்தச் சிவப்பு நூல் மட்டும் அப்படியே இருந்தது. அதற்கு முப்பது நாற்பது அடி கீழே ஓடையில் கறுப்பு ஹோஸ் போட்டிருந்தார்கள். அந்தத் தண்ணீர், எஸ்டேட் தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருக்கும் லைன் வீடுகளுக்குப் போகிறது. துணி துவைக்க, பாத்திரம் கழுவ, சில வீட்டில் குடிக்கவும் அதுதான்.

காசு கொடுத்தவள் நான். எங்கே கொண்டுபோய்ப் போடுவாய் என்று கேட்காதவளும் நான்தான். அந்தத் தம்பியை மட்டும் திட்டி என்ன செய்வது, அவருக்கும் அதைக் கொண்டுபோய் இறக்க ஒரு இடம் இல்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். எங்கள் ஓடையில் விழுவது எங்கள் ஓடையோடு நிற்காது. கூடலூர்ப் பக்கத்தை விட்டுவிட்டால், இந்த மாவட்டத்துத் தண்ணீரில் பெரும்பகுதி குந்தா வழியாகவோ மாயாறு வழியாகவோ குன்னூர் ஆறு வழியாகவோ கடைசியில் பவானியில்தான் போய்ச் சேருகிறது. கீழே ஊர் ஊராக அதைக் குடிக்கிறார்கள், அதை வைத்துத்தான் விவசாயம் செய்கிறார்கள். மழைக்காலத்தில் பெரிய பொருள் ஒன்று பாலத்துக்கடியில் போய் அடைத்துக்கொண்டால் தண்ணீர் ரோட்டையும் மண்ணையும் அறுத்துக்கொண்டு வேறு வழி தேடும். 2009 நவம்பர் மழையில் இங்கே நிலச்சரிவில் நாற்பதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அதற்குக் காரணம் குப்பை என்று சொல்ல வரவில்லை. அந்த மழையைப் பார்த்தவர்கள் யாரும் ஒரு ஓடையை அடைக்கிற காரியத்தைச் சின்னதாக நினைக்க மாட்டார்கள், அவ்வளவுதான்.

சரி, கட்டண விஷயம். பெரிய சாமான் என்று எல்லாவற்றையும் ஒரே மூட்டையாகக் கட்டுவதில்தான் பாதி சண்டை வருகிறது. இரும்புக் கட்டில், பீரோ, பழைய வாஷிங் மெஷின் இவற்றைப் பழைய இரும்புக் கடைக்காரரே வந்து, எடை போட்டு, காசு கொடுத்து எடுத்துப்போகிறார். மரக்கட்டில் உடைந்தால் இந்தக் குளிருக்கு அடுப்பெரிக்க யாராவது கேட்டு வாங்கிக்கொள்வார்கள். டிவி, ஃப்ரிட்ஜ் வகைக்கு, தயாரிப்பாளர்கள் மேல் பொறுப்பைப் போட்டு 2022-இல் மின்னணுக் கழிவு விதிகளே வந்துவிட்டன. கடைசியில் மிஞ்சுவது யாருக்கும் வேண்டாத சாமான்தான்: மெத்தை, தலையணை, ஸ்பாஞ்ச் சோஃபா, தண்ணீர் ஏறி உப்பிப்போன பலகை அலமாரி, உடைந்த கமோடு. இவற்றை எரிக்கவும் கூடாது. ஸ்பாஞ்ச் எரிந்தால் வருவது நச்சுப் புகை, பனி இறங்கிய சாயங்காலத்தில் அது மேலே போகாமல் தெருவிலேயே தங்கும். ஆகவே நகராட்சி கவலைப்பட வேண்டிய பட்டியல் நாம் நினைப்பதைவிடச் சின்னது. அதில் முக்கால்வாசி மெத்தை.

போன வருடம் எங்கள் பகுதி சபைக் கூட்டத்தில் இது பேச்சுக்கு வந்தது. அந்தந்தப் பகுதி மக்கள் கூடிக் குறைகளைப் பேச 2022 நவம்பர் 1-லிருந்து தமிழ்நாட்டு நகரங்களில் நடக்கும் கூட்டம்தான், உங்கள் ஊரிலும் இருக்கும், போய்ப் பேசுங்கள். ஒரு சாமானுக்கு ஏறக்குறைய ஒரு நாள் கூலி அளவுக்குக் கட்டணம் வைக்கலாம் என்று யோசனை சொன்னார்கள். ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர் எழுந்து, வரி ஏறிக்கொண்டேதான் இருக்கிறது, அதற்குள்ளேயே இதையும் செய்யுங்கள் என்றார். கைதட்டல் அவருக்குத்தான் அதிகம். லாட்ஜ் நடத்தும் ஒருவர், நாங்கள் ஏற்கெனவே வணிகக் கட்டணம் கட்டுகிறோம், எங்களை இதில் இழுக்காதீர்கள் என்றார். தேயிலை பறிக்கப் போகும் ஒரு அம்மா, ஒரு நாள் கூலியைக் கொடுத்து மெத்தையைத் தூக்கி எறிகிற வசதி எங்களுக்கு இல்லை என்று மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்தார்.

அப்புறம் ஓரமாக நின்றுகொண்டிருந்த தூய்மைப் பணியாளர் ஒருவர் பேசினார். அவரை யாரும் பேசக் கூப்பிடவில்லை. "காசு எவ்வளவுன்னே பேசிட்டு இருக்கீங்க. காய்ஞ்ச மெத்தைன்னா ரெண்டு பேர் தூக்கிருவோம்ங்க. நனைஞ்சிருந்தா நாலு பேர் வேணும். வீடெல்லாம் ரோட்டுக்குக் கீழ இருக்கு, அறுபது படி ஏத்தணும். படியில பாசி. நனையறதுக்கு முன்னாடி கூப்பிடுங்க, அது போதும்."

அன்றைக்குப் பேசியதில் எனக்கு உருப்படியாகப் பட்டது அந்தப் பேச்சுதான். சமவெளியில் இருக்கிறவர்களுக்கு இது புரிவது கஷ்டம். சென்னையில் 2025 அக்டோபரில் பழைய சோஃபா, மெத்தை வகைகளைச் சனிக்கிழமைகளில் வீட்டுக்கே வந்து எடுத்துக்கொள்ள மாநகராட்சி ஏற்பாடு செய்தது. நல்ல காரியம். ஆனால் அங்கே வண்டி வாசலில் நிற்கும். இங்கே சாமானை மனிதர்கள் முதுகில் சுமந்து ரோட்டுக்கு ஏற்ற வேண்டும், அங்கிருந்து வண்டி, பிரித்தபின் எரிபொருளாகச் சிமென்ட் ஆலைக்கு அனுப்புவதென்றால் மலையை விட்டே இறக்க வேண்டும். இதற்கெல்லாம் செலவே இல்லை என்கிற மாதிரி நாம் பேசக் கூடாது. வாத்தியார் சொன்னதில் எனக்கு உடன்பாடில்லாத இடம் இதுதான்.

லாட்ஜ்காரர் சொன்னதிலும் உடன்பாடில்லை, நானும் அவர் பக்கத்து ஆள்தான் என்றாலும். 2016-இல் வந்த திடக்கழிவு மேலாண்மை விதிகள் சராசரியாக ஒரு நாளைக்கு 100 கிலோவுக்கு மேல் குப்பை போடுகிறவர்களைத்தான் பெருமளவில் குப்பை உருவாக்குவோர் என்று வைத்தன. என் மூன்று அறையில் தினமும் விழுவது நாலு கிலோ இருந்தால் அதிகம். கணக்குப்படி நான் சின்ன ஆள். ஆனால் இந்த ஓதத்தில் மெத்தை நாலு வருடம்தான் தாங்கும். சீசனுக்கு முன்னால் மாற்றினால் ஆறு மெத்தை ஒரே நாளில் வெளியே வரும். எங்கள் சரிவில் மட்டும் என்னைப் போல் ஒரு டஜன் வீடுகள். லைன் வீட்டு அம்மா பத்து வருடத்துக்கு ஒரு மெத்தை போடுகிறார். இரண்டு பேருக்கும் வாசலில் ஒரே ரேட் என்றால் அது நியாயமில்லை.

அதனால் நான் கூட்டத்தில் சொன்னதை இங்கேயும் சொல்கிறேன். லாட்ஜ், காட்டேஜ், என்னைப் போல் அறை விடுகிறவர்கள் எல்லோரிடமும் படுக்கைக் கணக்குப் பார்த்து, அரையாண்டு சொத்து வரியோடு சேர்த்தே ஒரு தொகை வாங்கிவிட வேண்டும். போடுகிறோமோ இல்லையோ, கட்டிவிட வேண்டும். முன்னாலேயே காசு கட்டியவர் ராத்திரியில் மெத்தையைப் பள்ளத்தில் தள்ள மாட்டார். தள்ளி அவருக்கு மிச்சம் பிடிக்க ஒன்றுமில்லை, வண்டியைக் கூப்பிடுவதுதான் லாபம். போடும்போது காசு கேட்டால் இந்தக் கணக்கு அப்படியே தலைகீழாகிவிடும்.

குடும்பங்களுக்கு அரையாண்டுக்கு ஒரு பெரிய சாமான் இலவசம். இரண்டாவது சாமானுக்கு வேண்டுமானால் காசு. இதை வரி ரசீதை வைத்துச் செய்யக் கூடாது, வாடகைக்கு இருக்கிறவர்களிடமும் லைன் வீட்டில் இருக்கிறவர்களிடமும் அந்த ரசீது இருக்காது. மின் இணைப்பு எண்ணை வைத்துச் செய்யலாம். எடுக்கிற நாளும் முன்கூட்டியே தெரிய வேண்டும். பனி முடிந்து வெயில் காய்கிற பிப்ரவரி, மார்ச் ஒரு முறை. அப்போது மெத்தை காய்ந்து லேசாக இருக்கும், அறை விடுகிறவர்கள் சீசனுக்கு மெத்தை மாற்றுவதும் அப்போதுதான். இரண்டாவது சீசனுக்கும் வடகிழக்கு மழைக்கும் முன்னால் செப்டம்பரில் இன்னொரு முறை, அதுவும் நாலு நாள் சேர்ந்தாற்போல் வெறிப்பு விட்ட வாரமாகப் பார்த்து. சுமக்கிறவர்களுக்கு அந்த நாட்களில் தனிப் படி கொடுக்க வேண்டும். படுக்கைக் கணக்கில் வரும் காசில் முதல் செலவு அதுவாகத்தான் இருக்க வேண்டும். இப்போது இந்தச் சுமைக்கென்று அவர்கள் கைக்கு வருவது நம் வாசலில் நாம் பார்த்துக் கொடுப்பதுதான், அது கூலி ஆகாது.

இலவசம் என்றால் ஆளாளுக்கு வீட்டையே காலி பண்ணிவிடுவார்கள் என்று ஒருவர் பயந்தார். முதல் தடவை குவியத்தான் செய்யும். அது பத்து வருடமாக மாடிப்படிக்கு அடியிலும் கோழிக்கூண்டு மேலேயும் ஏறி உட்கார்ந்திருக்கும் பாக்கி. இரண்டாம் தடவை அவ்வளவு இருக்காது என்பது என் நம்பிக்கை.

ஜப்பானில் போடும்போதுதானே காசு வாங்குகிறார்கள், அது நடக்கவில்லையா என்று கேட்பீர்கள். என் அண்ணன் மகன் அங்கே வேலை பார்க்கிறான், விசாரித்தேன். முன்கூட்டியே பதிவு செய்து, பக்கத்துக் கடையில் அந்தத் தொகைக்கு ஸ்டிக்கர் வாங்கி சாமானில் ஒட்டி, சொன்ன தேதியில் வெளியே வைக்க வேண்டுமாம். எவ்வளவு, எங்கே கட்டுவது, என்றைக்கு வருவார்கள் என்ற மூன்றும் முதலிலேயே தெரிந்துவிடுகிறது. எனக்கு நாலு நாள் அலைந்தும் கிடைக்காதது அந்த மூன்றும்தான். அவ்வளவு ஒழுங்கு வந்த பிறகு வாசலில் காசு கேட்பதைப் பற்றி யோசிக்கலாம். அதுவரை கேட்டால் குட்டி யானைக்குத்தான் வியாபாரம்.

கேள்வி கேட்டவருக்கு, உங்கள் ஊரில் ஏற்பாடு வரும்வரை ஒரு யோசனை. மெத்தையை மழைக்கு முன்னால் வெயிலில் காய வைத்து, தார்ப்பாயில் சுற்றிக் கட்டி, தரையில் படாமல் வையுங்கள். பிளாஸ்டிக், அட்டை பிரிக்கும் மையம் உங்கள் ஊரில் எங்கே இருக்கிறது என்று பார்த்து, மெத்தை வாங்கிக்கொள்வார்களா என்று நேரில் போய்க் கேளுங்கள். வண்டிக்காரருக்குப் பாதிக் காசை முதலில் கொடுங்கள், மீதியை அங்கே இறக்கும் போட்டோவைக் காட்டிய பிறகு கொடுங்கள். நான் இப்போது அப்படித்தான் செய்கிறேன். முடிந்தால் வண்டியில் நானும் ஏறிப் போகிறேன்.

மாமியாரின் மெத்தையைப் பிப்ரவரியில் ஓடை வற்றியபோது நானும் லைன் வீட்டு ஆட்கள் இரண்டு பேருமாகச் சேர்ந்து மேலே ஏற்றினோம். அரை நாள் பிடித்தது. முழுதாக வரவில்லை, துண்டு துண்டாகத்தான் வந்தது. எடுப்பதற்கு முன்னால், கீழே இருக்கும் ஹோஸும் தெரிகிற மாதிரி ஒரு போட்டோ எடுத்து, பெரிதாகப் பிரிண்ட் போட்டு வைத்திருக்கிறேன். அடுத்த பகுதி சபைக் கூட்டத்துக்கு அதைத்தான் கொண்டுபோகப் போகிறேன்.