வெளுத்த மறுதாம்பும் கொளுத்திய சோகையும்

கேள்வி: ஐயா, வணக்கம். பூலாம்பட்டியிலிருந்து எடப்பாடி செல்லும் சாலையில் எனக்கு இரண்டு ஏக்கர் கரும்பு. கோ 86032 ரகம், இரண்டாம் மறுதாம்பு, அதாவது வெட்டிய தூரிலிருந்து இரண்டாம் முறை தழைத்த பயிர். வெட்டிய மறுநாளே, வயலில் கிடந்த காய்ந்த கரும்பு இலையான சோகையைக் கொளுத்தித் தண்ணீர் கட்டினேன். ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர்தான். வாய்க்கால் காய்ந்தால் வெள்ளை பூக்கும். இப்போது 60 நாள் பயிர். குருத்து இலைகள் எல்லாம் வெளுத்துவிட்டன. உரக்கடைக்காரர் மஞ்சள் இலை நோய் என்று மூன்று பாட்டில் மருந்து கொடுத்தார். யூரியாவும் கூடுதலாகப் போட்டேன். மாறவில்லை. வேறு என்ன மருந்து அடிக்கலாம்? தூர் தழைக்காமல் போக்கிடம் விழுந்த இடங்களை நிரப்ப, காவிரியின் எதிர்க்கரையில் நெருஞ்சிப்பேட்டையில் மாமனார் வீட்டு மறுதாம்புக் கரும்பைப் படகில் கொண்டுவந்து ஊன்றலாமா?

பதில்: தம்பி, மஞ்சள் இலை நோய் வைரஸால் வருவது. அதைக் குணப்படுத்தும் மருந்து எந்தப் பாட்டிலிலும் இல்லை. கடைக்காரர் சொன்ன நோய் உண்மையானால் அவர் கொடுத்த மருந்து வீண். உண்மையில்லையென்றால் மருந்தே தேவையில்லை. இரண்டு வகையிலும் பணம் போனது உங்களுக்குத்தான்.

அந்த நோய் பெரும்பாலும் கரும்பு ஐந்தாறு மாதம் வளர்ந்த பிறகே கண்ணில் படும். இலையைத் திருப்பிப் பார்த்தால் நடு நரம்பு மஞ்சளாக இருக்கும். உங்கள் வயலில் குருத்து இலை ஒன்றைக் கிள்ளி வெயிலுக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். நரம்புகள் பச்சைக் கோடாகவும் இடைப்பகுதி வெளுத்தும், கீழ் இலைகள் பச்சையாகவும் இருந்தால் அது இரும்புச்சத்துக் குறைபாடு. சுண்ணாம்பு மண்ணிலும் உப்புத் தண்ணீரிலும் மறுதாம்புக்கு வழக்கமாக வருவதுதான். மண்ணில் இரும்பு இருக்கும், வேருக்குக் கிடைக்காது. இதற்கு யூரியா கொட்டிப் பயனில்லை. ஆனால் ஏதாவது ஒரு தூர் மட்டும் புல் கற்றையைப் போல மெல்லிய வெள்ளைப் பயிர்களாகக் கிளம்பியிருந்தால் அது புல்தழை நோய். அந்தத் தூரைத் தோண்டி அப்புறப்படுத்திவிடுங்கள்.

வாங்க வேண்டியது அன்னபேதி உப்பு (இரும்பு சல்பேட்). 10 லிட்டர் தண்ணீருக்கு 100 கிராம். சாயங்காலத்தில், குருத்து நனையும்படி தெளியுங்கள். கரைத்ததும் இளம்பச்சையாக இருக்க வேண்டும். உங்கள் கிணற்றுத் தண்ணீரில் கொஞ்ச நேரத்திலேயே துருப்பிடித்த நிறமாகிவிடும். அப்படி ஆனதை அடிக்காதீர்கள். இரண்டு குடம் ஆற்றுத் தண்ணீர் கொண்டுவந்து, எலுமிச்சைச் சாறு கொஞ்சம் பிழிந்து கரைத்தால் நிற்கும். வெளுப்பு தெளியாவிட்டால் 15 நாள் இடைவெளியில் இன்னும் இரண்டு முறை. மண்ணுக்கு ஏக்கருக்கு 40 கிலோ போடலாம். வெறும் உப்பாகப் போட்டால் சுண்ணாம்பு அதை விழுங்கிவிடும். மக்கிய எருவோடு கலந்து ஒரு மாதம் குவித்து வைத்துப் போடுங்கள்.

இனி, நீங்கள் கேட்காமல் விட்டது. சோகையை ஏன் கொளுத்தினீர்கள்? ஏக்கருக்கு ஏறக்குறைய நான்கு டன் சோகை கிடைக்கும். அதிலுள்ள தழைச்சத்தைப் புகையாக அனுப்பிவிட்டு, அதே தழைச்சத்தை மூட்டையில் கடனுக்கு வாங்குகிறீர்கள். வெட்டு முடியும் காலத்தில் பூலாம்பட்டிப் படகுத்துறைக்கு வருகிறவர்கள் புகையில் எதிர்க்கரை தெரியாமல் நிற்கிறார்கள். அத்தனையும் நம் வயல்களின் எரு. கொளுத்தாவிட்டால் எலி வரும், பாம்பு வரும், தண்ணீர் பாயாது என்பார்கள். ஒரு சால் விட்டு ஒரு சாலில் சோகையைப் பரப்பி, காலியான சாலில் தண்ணீர் விட்டால் ஏன் பாயாது? மூடாக்கு இருக்கும் வயலில் களை குறையும், ஈரம் நிற்கும், இளங்குருத்துப் புழுவின் சேதமும் குறையும். சோகை மக்க மக்கச் சுண்ணாம்பு மண்ணிலும் இரும்பு வேருக்கு எட்டும். போன வெட்டுச் சோகை வயலில் கிடந்திருந்தால் இந்த வெளுப்பு இவ்வளவு தூரம் வந்திருக்காது என்பது என் எண்ணம். கரும்பின் உள்ளே சிவந்து அழுகும் செவ்வழுகல் நோய் கண்ட வயல் ஒன்றுக்குத்தான் நெருப்பு வைக்கச் சொல்வேன்; அங்கே மறுதாம்பே விடக்கூடாது.

வெட்டிய ஒரு வாரத்துக்குள் கூரிய மண்வெட்டியால் தூரைத் தரைமட்டத்துக்குக் கீழே சீவினீர்களா என்பதையும் நீங்கள் எழுதவில்லை. சீவாவிட்டால் முளை மேல்கணுவிலிருந்து கிளம்பும், புது வேர் ஆழம் போகாது. இப்போது காலம் கடந்துவிட்டது. கரும்பு நிற்கும் பாரின் இரு பக்கமும் கொத்தி மண்ணை இளக்கிவிடுங்கள். மூன்றாம் மறுதாம்பு வேண்டாம். பசுந்தாள் உரமாகச் சணப்பை விதைத்து மடக்கி உழுங்கள்.

கடைக்காரரைப் பற்றி ஒன்று. கரும்புப் பணம் வரும்வரை கடன் கொடுக்கிறவர் நல்லவர்தான், ஆனால் கடன் இருக்கும்வரை அவர் எடுத்து நீட்டுவதை வேண்டாம் என்று சொல்ல உங்களுக்கு வாய் வராது. என்ன சத்து எத்தனை சதவீதம் என்று அச்சிடாத பாட்டிலைத் தொடாதீர்கள். ரசீது தராத கடையில் அன்னபேதி கூட வாங்காதீர்கள்.

மாமனார் வீட்டுக் கரும்பு மறுதாம்பு என்பதால் விதைக்கு ஆகாது. அவரிடம் ஆறேழு மாத நடவுக் கரும்பு இருந்தால் கேளுங்கள். அங்கேயே நாலைந்து கரும்பை நீளவாக்கில் பிளந்து பாருங்கள். உள்ளே சிவந்து, நடுநடுவே குறுக்கே வெள்ளைத் திட்டு தெரிந்து, புளித்த சாராய வாடை வந்தால் அது செவ்வழுகல். ஒரு விதைக் கரணைகூட ஆற்றைத் தாண்டக் கூடாது. உள்ளே வெள்ளையாக இருந்தால் படகில் ஏற்றுங்கள்.