நாகர்கோவில் மக்களவைத் தொகுதி: கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன்

2004 தேர்தலோடு நாகர்கோவில் மக்களவைத் தொகுதியின் கதை முடிந்தது. தொகுதி மறுவரையறையில் அதைக் கலைத்தார்கள். 2009இல் கன்னியாகுமரி தொகுதி வந்தது. பழைய தொகுதியின் முடிவுகளைப் பல வருஷமாக நோட்டில் எழுதி வைத்திருப்பவன் என்பதால் என்னைப் பதில் சொல்ல உட்கார வைத்திருக்கிறார்கள்.

தொடங்கும் முன் ஒரு விண்ணப்பம். நாகர்கோவில் என்ற பெயரில் சட்டமன்றத் தொகுதி ஒன்றும் உண்டு, அது இன்றும் இருக்கிறது. நான் பேசப்போவது அதைப் பற்றி அல்ல.

கே: முதல் எம்.பி. காமராஜர்தானே?

இல்லை. முதலில் வென்றவர் ஏ. நேசமணி, 1952 தேர்தலில். அப்போது நாகர்கோவில் தமிழ்நாட்டிலேயே இல்லை, திருவிதாங்கூர்-கொச்சியில் இருந்தது. நேசமணி நின்றதும் இந்திய தேசிய காங்கிரசில் அல்ல, திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரசில். தமிழ்ப் பகுதிகளைச் சென்னை மாகாணத்தோடு சேர்க்க வேண்டும் என்று போராடிய கட்சி அது. 1954 ஆகஸ்ட் 11இல் மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் துப்பாக்கிச் சூடு நடந்து உயிர்கள் போயின. 1956 நவம்பர் 1இல் அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு ஆகிய 4 தாலுகாக்களும் சேர்ந்து கன்னியாகுமரி மாவட்டம் ஆயின. செங்கோட்டைத் தாலுகாவின் ஒரு பகுதி திருநெல்வேலிக்குப் போனது.

கே: யார் யார் எப்போது வென்றார்கள் என்று ஒரே இடத்தில் தர முடியுமா?

தருகிறேன், இதை மறுபடி கேட்காதீர்கள். 1952 நேசமணி. 1957 தாணுலிங்க நாடார், காங்கிரஸ். 1962, 1967 மறுபடி நேசமணி, இம்முறை காங்கிரசில். 1968இல் அவர் மறைந்தார். 1969 ஜனவரி இடைத்தேர்தலில் காமராஜர். 1971இலும் காமராஜர், ஸ்தாபன காங்கிரசில் (காங்கிரஸ் உடைந்தபோது இந்திராவுக்கு எதிரே நின்ற பிரிவு). 1977 குமரி அனந்தன், ஸ்தாபன காங்கிரஸ்-ஜனதா அணி. 1980 முதல் 1998 வரை நடந்த 6 தேர்தலிலும் என். டென்னிஸ்: முதல் 4 முறை காங்கிரஸ், பிறகு 2 முறை மூப்பனாரின் தமிழ் மாநில காங்கிரஸ் (த.மா.கா.). 1999 பொன். இராதாகிருஷ்ணன், பா.ஜ.க. 2004 ஏ. வி. பெல்லார்மின், மார்க்சிஸ்ட்.

இந்த வரிசையில் யார் இல்லை என்று பாருங்கள். தி.மு.க. இல்லை, அ.தி.மு.க.வும் இல்லை. 1952 முதல் 2004 வரை ஒரு தடவைகூட இல்லை. 1967இல் தி.மு.க. அலையில் மாநிலத்தின் 39 இடங்களில் காங்கிரசுக்குக் கிடைத்தது 3. அதில் ஒன்று நாகர்கோவில். 1971இல் தமிழ்நாடு முழுக்க ஸ்தாபன காங்கிரசுக்குக் கிடைத்த ஒரே இடமும் இதுதான்.

கே: அப்படியானால் திராவிடக் கட்சிகளுக்கு அங்கே செல்வாக்கே இல்லை என்று சொல்லலாமா?

இது நல்ல கேள்வி, கொஞ்சம் உட்கார்ந்தே பேசலாம். வெல்லவில்லை என்பது உண்மை. செல்வாக்கு இல்லை என்பது பொய்.

தொகுதியின் கடைசி 4 தேர்தலை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். 1996இல் தி.மு.க.வும் த.மா.கா.வும் சேர்ந்தன: த.மா.கா. வென்றது. 1998இலும் அதே கூட்டு, அதே முடிவு. அந்த முறை அ.தி.மு.க.வோடு இருந்த பா.ஜ.க. தோற்றது. அடுத்த வருஷமே தி.மு.க. பா.ஜ.க.வோடு கைகோத்தது, பா.ஜ.க. வென்றது. 2004இல் தி.மு.க. இடதுசாரிகள் பக்கம் வந்தது, பா.ஜ.க. அ.தி.மு.க. பக்கம் போனது: மார்க்சிஸ்ட் வென்றது. 8 வருஷத்தில் மையம், வலது, இடது என்று மூன்று கொடியும் ஏறிவிட்டன. ஊர்க்காரன் அதற்குள் இரண்டு தரம் மனம் மாறினான் என்றா நினைக்கிறீர்கள்? பெரும்பாலானவர்கள் நின்ற இடத்தில்தான் நின்றார்கள். தராசில் ஒரு படிக்கல் மட்டும் தட்டு விட்டுத் தட்டு மாறியது. தான் ஜெயிக்காமலே யார் ஜெயிப்பது என்று முடிவு செய்த கட்சி தி.மு.க.

2004இல் மாநிலத்தின் 39 இடமும் தி.மு.க. அணிக்குத்தான், அதனால் அந்த ஒரு வருஷத்தை மட்டும் வைத்து நாகர்கோவிலைப் படிக்க முடியாது என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்வேன். 1999தான் என் முக்கிய சாட்சி.

கே: தொகுதியில் எந்தச் சாதிக்கு எத்தனை சதவீத ஓட்டு? மதவாரியாகவும் வேண்டும்.

வாக்காளர் பட்டியலில் சாதிக்கும் மதத்துக்கும் கட்டம் கிடையாது. யாராவது தசமப் புள்ளியோடு எண் சொன்னால் அது அவர் வீட்டு மாவில் சுட்ட தோசை. மாவட்டத்தில் இந்துக்களும் கிறிஸ்தவர்களும் ஏறத்தாழ சரிக்குச் சரி என்பது மக்கள்தொகைக் கணக்கு. கடலோரத்தில் கத்தோலிக்க மீனவர்கள், மேற்கே ரப்பர் தோட்டம், அங்கே மார்க்சிஸ்ட் சங்கங்கள், கல்குளம் பக்கம் பா.ஜ.க.வுக்கு வேர் என்று பொதுவாகச் சொல்லலாம். தமிழ்நாட்டின் முதல் பா.ஜ.க. சட்டமன்ற உறுப்பினர் சி. வேலாயுதன் 1996இல் வென்றது பத்மநாபபுரத்தில். 1982இல் இந்துக்களுக்கும் கிறிஸ்தவர்களுக்கும் இடையே நடந்த மண்டைக்காடு கலவரத்துக்குப் பிறகு ஓட்டு மத வழியில் இறுகியது என்பது என் கருத்தும்கூட. ஆனால் அதே மண் 2004இல் மார்க்சிஸ்டை அனுப்பியதையும் மறக்க வேண்டாம்.

கே: காமராஜரை விருதுநகர் கைவிட்டது, நாகர்கோவில் காப்பாற்றியது. சாதி ஓட்டுதானே? (விருதுநகரில் இருந்து)

அண்ணாச்சி, சாதி மட்டும் போதும் என்றால் அவர் விருதுநகரில் ஏன் தோற்றார்? 1967 சட்டமன்றத் தேர்தலில் அவரைத் தோற்கடித்த வித்தியாசம் 1,285 ஓட்டு. அது அவர் பிறந்த ஊர், உறவு முழுக்க அங்கேதான். இரண்டு வருஷம்கூட ஆகவில்லை, நாகர்கோவிலில் 1,28,201 ஓட்டு வித்தியாசத்தில் வென்றார். எதிரே சுதந்திராக் கட்சியின் மத்தியாஸ், ஆளும் தி.மு.க. அவருக்குப் பின்னால். சாதி கணக்கில் இருந்தது, இல்லை என்று சொல்லவில்லை. அது மட்டும்தான் என்பதைத்தான் மறுக்கிறேன்.

கே: "மேடாவது குளமாவது" என்று தேவிகுளம், பீர்மேட்டை விட்டுக்கொடுத்தவருக்கு, அதற்காகப் போராடிய ஊரே ஓட்டுப் போட்டதா? நம்ப முடியவில்லை.

காமராஜர் சொன்னதாக ஊரெல்லாம் சொல்லும் வாசகம் அது. இணைப்பு நடந்தபோது முதலமைச்சர் அவர்தான், தேவிகுளமும் பீர்மேடும் நம் பக்கம் வராமல் கேரளத்தோடு போனது நேசமணி தரப்புக்குப் பெரிய வருத்தம். இரண்டும் சரி.

ஆனால் நீங்கள் இதைச் சென்னையில் இருந்து பார்க்கிறீர்கள். விளவங்கோட்டுக்காரன் வீட்டு வாசலில் நின்று பாருங்கள். அவனுடைய தாலுகா வந்துவிட்டது, வந்தது காமராஜர் ஆட்சியில். தேவிகுளம் எங்கோ மலையில், தேயிலைத் தோட்டத்துத் தமிழரின் துயரம். அதற்காக இவன் வருந்தலாம், ஓட்டை மாற்ற மாட்டான். அதோடு நேசமணியே தம் கட்சியைக் காங்கிரசில் கரைத்துவிட்டு அதே கொடியில் 1962லும் 1967லும் நின்றார். கோபம் ஆற வேண்டியவருக்கே ஆறிவிட்டதே.

கே: ஆறவில்லை. வேறு வழியில்லாமல் போட்டார்கள். (மேலே கேட்டவரே)

வேறு வழி இருந்தது. மத்தியாஸ் என்ற வழி.

கே: 1971க்கு என்ன சொல்கிறீர்கள்? அது பழக்கதோஷம்! (விருதுநகர் மறுபடி)

பழக்கதோஷமா? 1969இல் அவர் நின்றது இரட்டைக் காளையில். அடுத்து கட்சி உடைந்தது. 1971இல் இராட்டை சுற்றும் பெண் சின்னம், இந்திராவின் கட்சிக்குப் பசுவும் கன்றும், தி.மு.க.வும் இந்திராவும் ஒரே அணி. காளையைத் தேடிப் பழகிய கண் இராட்டையைத் தேடிக் கண்டுபிடித்துக் குத்தியிருக்கிறது. பழக்கத்தில் குத்துகிறவன் காளையைக் காணாமல் திரும்பியிருப்பான்.

சரி, காமராஜரைப் பற்றி இதற்கு மேல் இன்னும் ஒன்பது கேள்வி வந்திருக்கிறது. அதில் ஆறு சாதிக் கேள்வி, இரண்டு குளம்-மேடு. போதும், விடுகிறேன். ஒன்பதாவதற்கு மட்டும்: ஆமாம், 1975 அக்டோபர் 2இல் மறையும்வரை அவர் நாகர்கோவில் எம்.பி.தான்.

கே: அந்தக் காலத்தில் எப்படி ஓட்டுப் போட்டார்கள்?

இதைக் கேட்டதற்கு நன்றி. 1952லும் 1957லும் வேட்பாளருக்கு ஒரு பெட்டி. திரைக்குப் பின்னால் வரிசையாக இருக்கும், மேலே சின்னம் ஒட்டியிருக்கும். சீட்டில் எதுவும் குத்த வேண்டாம், பிடித்த பெட்டியில் போட்டால் போதும். என் பாட்டி 1957இல் கல்குளம் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் போட்டவர். காளைப் பெட்டியைக் கண்டதும் சீட்டை அதன் மேல் வைத்துக் கும்பிட்டுவிட்டு வெளியே வந்துவிட்டாராம். சீட்டுப் போடும் துளை கண்ணில் படவில்லை. "உள்ளே போடணும் பாட்டி" என்று நான் சொன்னால், "சாமிக்கு வச்சது சாமிக்குத்தான் போவும்" என்பார். அடுத்து வந்தவர் அதை எடுத்து எந்தப் பெட்டியில் போட்டாரோ!

முத்திரை குத்தும் முறை வந்த பிறகு வேறு தலைவலி. மை காயும் முன் மடித்தால் எதிர்ப்பக்கச் சின்னத்திலும் பதியும். அதற்காகத்தான் குறுக்கு அம்பு முத்திரையைத் திசை தெரிகிற மாதிரி வடிவமைத்தார்கள். அசல் ஒரு பக்கம் சுழலும், மடிப்பில் விழுந்த நிழல் கண்ணாடியில் பார்ப்பதுபோல மறுபக்கம் சுழலும். வாக்கு எண்ணும் மேசையில் ஒரு சீட்டை விளக்குக்கு நேரே பிடித்துக்கொண்டு இரண்டு கட்சி முகவர்கள் கால் மணி நேரம் வாதாடியதை நான் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். சுழற்சியைக் காட்டியதும் ஒருவர் முகம் சுண்டிவிட்டது.

கே: கன்னியாகுமரி தொகுதி என்பது நாகர்கோவிலுக்குப் புதுப் பெயர்தானே? 2009இல் தி.மு.க. வென்றதே, அப்போது உங்கள் கணக்கு பொய்தானே?

பெயர் மாற்றம் அல்ல. பழைய தொகுதியில் கடைசிவரை இருந்தவை நாகர்கோவில், குளச்சல், பத்மநாபபுரம், திருவட்டார், விளவங்கோடு, கிள்ளியூர். கன்னியாகுமரி சட்டமன்றப் பகுதி திருச்செந்தூர் மக்களவைத் தொகுதியில் இருந்தது. குமரிமுனையில் கடை வைத்திருப்பவர் ஓட்டு, திருச்செந்தூர் எம்.பி.க்கு! மறுவரையறையில் திருவட்டார் கலைந்தது, கன்னியாகுமரி உள்ளே வந்தது. எல்லை மாறிய பிறகு பழைய சதவீதத்தையும் புதிய சதவீதத்தையும் ஒரே கோட்டில் வரைவது தப்பு. 2009இல் ஹெலன் டேவிட்சன் தி.மு.க.வுக்காக வென்றது இந்தப் புதிய தொகுதியில். என் கணக்கு நிற்கிறது.

ஆனாலும் பழைய குணம் முழுக்கப் போகவில்லை. 2014இல் பா.ஜ.க. முதலிடம், தனித்து நின்ற காங்கிரஸ் இரண்டாமிடம்; அ.தி.மு.க. மூன்று, தி.மு.க. நான்கு. தமிழ்நாட்டில் வேறெங்கும் காங்கிரஸ் எழ முடியாத வருஷம் அது. தி.மு.க. படிக்கல் எடை இழந்ததும் அன்றுதான். வித்தியாசம் 1,28,662. காமராஜரின் 1969 வித்தியாசத்தை மேலே பார்த்துக்கொள்ளுங்கள். ஒன்றும் அர்த்தம் இல்லை, நோட்டுக்காரனுக்கு ஒரு சின்ன சந்தோஷம்.

கே: திருச்செந்தூர் தொகுதியின் வரலாற்றையும் சொல்லுங்களேன்.

கே. டி. கோசல்ராமில் தொடங்கினால் விடிந்துவிடும். அது வேறு திண்ணை.

கே: எங்கள் ஊரை ஏன் நாரோயில் என்கிறார்கள்?

நீங்கள்தான் சொல்ல வேண்டும், நீங்கள்தான் அப்படிச் சொல்கிறீர்கள். தேர்தல் கேள்வி கேளுங்கள்.

கே: நாகர்கோவிலில் தி.மு.க. எத்தனையோ முறை ஜெயித்திருக்கிறதே, எம்.எல்.ஏ. எல்லாம் இருந்தார்களே?

இரண்டாம் பத்தி.

கே: முதல் எம்.பி. காமராஜர் என்று பள்ளியில் படித்தேன்.

முதல் பதில்.