ஃபிளாஷ் போட்டால் மட்டும் வெள்ளை வட்டங்கள்
ஃபிளாஷ் போட்டு எடுத்த படங்களில் மட்டும் வெள்ளை வட்டங்கள் விழுகின்றன, கேமரா பழுதா என்று கேட்டிருந்தீர்கள். கேமரா பழுதில்லை, லென்ஸும் கெடவில்லை. படத்தில் நீங்கள் பார்த்த வெள்ளை வட்டங்கள் காற்றில் மிதக்கும் தூசி.

சின்ன கேமராவில் ஃபிளாஷ் லென்ஸை ஒட்டியே இருக்கும். லென்ஸுக்குச் சில அங்குலம் முன்னால் பறக்கும் துகளில் பட்ட வெளிச்சம் நேராக உள்ளே திரும்பிவிடும். அந்தத் துகள் ஃபோகஸுக்கு வெளியே இருப்பதால் வட்டமாக உப்பித் தெரிகிறது. வீடு பெருக்கிய கையோடு எடுத்தால் இன்னும் அதிகம் விழும்.

ஒரே இடத்தில் நின்று ஃபிளாஷோடு மூன்று படம், இல்லாமல் ஒன்று எடுங்கள். வட்டங்கள் இடம் மாறினால், ஃபிளாஷ் இல்லாத படத்தில் காணாமல் போனால், தூசிதான். வட்டங்கள் விழாமல் இருக்க, அறை விளக்கைப் போட்டு, ஐஎஸ்ஓ (கேமரா வெளிச்சத்தை உணரும் அளவு) 800 வைத்து, ஃபிளாஷை அணைத்தே எடுங்கள்.

வானத்தை எடுக்கும்போது ஒரே இடத்தில் கரும்புள்ளி விழுந்தால் அது வேறு விஷயம், சென்சார் (லென்ஸுக்குப் பின்னால் படத்தைப் பதியும் பகுதி) மேல் அழுக்கு. தயவுசெய்து வாயால் ஊதாதீர்கள். எச்சில் பட்டால் கறையாகிவிடும்.