ஸ்டைன்ஹாஃப் ஸ்டார்ஃபைட்டர் விபத்துகளைக் குறைத்தது எப்படி?

கேள்வி: விமானப் பொறியியல் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். மேற்கு ஜெர்மன் விமானப்படைத் தலைவராக இருந்த யோகானஸ் ஸ்டைன்ஹாஃப் பற்றி செமினார் எடுக்க வேண்டும். 'ஸ்டார்ஃபைட்டரின் கோளாறைச் சரிசெய்தவர்' என்று குறித்து வைத்திருக்கிறேன். எதை முக்கியமாகச் சொல்வது?

பதில்: முதலில் அந்தக் குறிப்பைத் திருத்துங்கள். அவர் மாற்றியது விமானத்தை அல்ல, பெரும்பாலும் அதைச் சுற்றியிருந்த ஏற்பாடுகளைத்தான். அதைப் புரியவைக்க, விமானத்திலிருந்து தொடங்குங்கள்.

ஸ்டார்ஃபைட்டர் எனப்படும் எஃப்-104 போர் விமானம் உயரத்தில் பாய்ந்து எதிரி விமானத்தை மறிக்கப் பிறந்தது. ஜெர்மனி வாங்கிய 'ஜி' வகைக்கு எடையும் மின்னணுக் கருவிகளும் கூடின. எந்த வானிலையிலும் தாழப் பறந்து குண்டு போடும் வேலையும் சேர்ந்தது. இறக்கைப் பரப்போ சுமார் 18 சதுர மீட்டர்தான். இறங்கும்போது எஞ்சின் காற்றை ஃபிளாப்புகள் (இறக்கையின் பின்விளிம்பில் கீழே மடங்கும் பலகைகள்) மேல் ஊதித்தான் தூக்குவிசையைக் கூட்டுகிறார்கள். த்ராட்டிலை, அதாவது எஞ்சின் விசையைக் கூட்டிக் குறைக்கும் கைப்பிடியை, அவசரப்பட்டுக் குறைத்தால் தூக்குவிசையும் கூடவே போய்விடும். எஞ்சினின் நாசில் (பின்னால் வாயு வெளியேறும் வாய்) பழுதாகித் திறந்துகொண்டால் உந்துவிசை சட்டென்று விழும். உயரத்தில் இதைச் சமாளிக்க நேரமுண்டு, தாழ்வில் கிடையாது.

விமானிகள் பழகியது அரிசோனாவின் தெளிந்த வானில்; பறந்தது ஜெர்மனியின் மழையிலும் மூட்டத்திலும். கொட்டகை போதாமல் வெளியே நின்ற விமானங்களின் கருவிகளில் ஈரம் இறங்கியது. தேர்ந்த மெக்கானிக்குகளுக்கும் பஞ்சம்.

1966 ஆகஸ்டில் விமானப்படைத் தலைவர் பானிட்ஸ்கி விலக, செப்டம்பரில் ஸ்டைன்ஹாஃப் பொறுப்பேற்றார். பயிற்சி, பராமரிப்பு, பாதுகாப்பு மூன்றையும் இறுக்கினார். ஆபத்தில் விமானியை வெளியே எறியும் பழைய லாக்ஹீட் சி-2 இருக்கைகளுக்குப் பதில் மார்ட்டின்-பேக்கர் இருக்கைகள் வந்தன. விமானம் தரையில் அசையாமல் நின்றாலும் விமானியை வெளியேற்றி, பாராசூட் விரியும் உயரத்துக்கு அவை தூக்கிவிடும். தாழப் பறக்கும் படைக்கு இதைவிட அவசரமான மாற்றம் வேறில்லை.

அவருடைய இரண்டாம் உலகப் போர்க்கால வாழ்க்கையை ஒரே ஸ்லைடில் முடியுங்கள்: 176 வான்வெற்றிகள் (வானில் வீழ்த்திய எதிரி விமானங்கள்), 1945 ஏப்ரல் 18 அன்று மியூனிக்-ரீம் தளத்தில் மெஸ்ஸர்ஷ்மிட் 262 ஜெட் மேலெழும்போது எரிந்து, முகம் கடுமையாகக் கருகியது. 1971 முதல் 1974 வரை நேட்டோ ராணுவக் குழுத் தலைவராக இருந்ததையும் சேருங்கள்.

அவர் வந்ததும் விபத்து நின்றது என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். ஜெர்மனி பெற்ற 916 ஸ்டார்ஃபைட்டர்களில், சேவைக்காலம் முழுவதிலும் விபத்தில் அழிந்தவை 292. இறந்த விமானிகள் 116 பேர். ஆண்டுவாரி எண்ணிக்கையும் ஏமாற்றும். விமானங்களும் பறந்த நேரமும் ஆண்டுக்கு ஆண்டு மாறின. பறந்த மணிநேரத்துக்கு எத்தனை இழப்பு என்று கணக்கிட்டு வரைபடம் போடுங்கள்.