மெடிக்கலில் கொடுக்கும் 'செட்' மாத்திரையை நிறுத்தலாமா?

கேள்வி: ஏற்காட்டில் காப்பித் தோட்ட வேலை பார்த்த என் அப்பாவுக்கு 71 வயது. பிரஷருக்கு டெல்மிசார்ட்டன் போடுகிறார். மூட்டு வலிக்குச் சேலம் மெடிக்கலில் 'செட்' மாத்திரை வாங்கி நாலு மாதமாகச் சாப்பிடுகிறார். இப்போது கால் வீங்குகிறது. நிறுத்திவிடலாமா?

அந்தப் பொட்டலத்தில் என்ன இருக்கிறதென்று உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது, பல நேரம் எடுத்துக் கொடுத்த பையனுக்கே தெரியாது. வழக்கமாக ஒரு டைக்ளோஃபினாக்கோ அசிக்ளோஃபினாக்கோ, ஒரு கேஸ் மாத்திரை, கூடவே பொடிசாக ஒரு ஸ்டீராய்டு. வலி மாயமாக மறைவது பெரும்பாலும் அந்தப் பொடிசால்தான். வலி மாத்திரை உடம்பில் உப்பையும் நீரையும் தேக்கும், பிரஷரை ஏற்றும், டெல்மிசார்ட்டனோடு சேர்ந்தால் கிட்னியைப் பதம் பார்க்கும். வீக்கத்துக்கென்று அதே கடையில் நீர் மாத்திரை கேட்டுவிடாதீர்கள், மூன்றும் சேர்ந்தால் கிட்னி தாங்காது.

வெறும் வலி மாத்திரை என்றால் இன்றே நிறுத்துங்கள் என்பேன். ஸ்டீராய்டு அப்படியில்லை. வாரக்கணக்கில் உள்ளே போனால் உடம்பு தானே சுரக்கும் ஸ்டீராய்டைக் குறைத்துக்கொள்ளும், திடீரென்று விட்டால் வாந்தி, மயக்கம், பிரஷர் சரிவு என்று உயிருக்கே ஆபத்தாகலாம். படிப்படியாகத்தான் இறக்க வேண்டும், அந்தக் கணக்கை டாக்டர்தான் போடுவார், நீங்களோ கடைக்காரரோ அல்ல. முகம் உப்பியிருக்கிறதா, பசி கூடியிருக்கிறதா? அப்படியானால் சந்தேகம் இன்னும் பலமாகிறது. எது ஸ்டீராய்டு என்று உங்களால் பிரித்துப் பார்க்க முடியாது, ஆகவே நாளைக் காலையே மிச்சப் பொட்டலத்தோடு அப்பாவை அழைத்துப் போங்கள். ரத்தத்தில் கிரியேட்டினின் (கிட்னி எப்படி வேலை செய்கிறதென்று காட்டுவது), பொட்டாசியம், சர்க்கரை மூன்றும் பார்க்கச் சொல்லுங்கள். மலம் கறுப்பாகப் போனாலோ சிறுநீர் குறைந்தாலோ காலை வரை காத்திருக்க வேண்டாம்.

இந்த மருந்துகளை டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கவே கூடாது, அட்டையில் சிவப்புக் கோடு அதற்குத்தான். அட்டையிலிருந்து பிரித்துக் காகிதத்தில் மடித்துக் கொடுத்தால் கோடு ஏது, பெயர் ஏது, காலாவதித் தேதி ஏது? பிடிக்க வேண்டியவர்கள் எங்கே என்று கேட்காதீர்கள், நானும் இருபது வருஷமாகக் கேட்கிறேன்.

அப்பாவைத் திட்டாதீர்கள். இருபது கொண்டை ஊசி வளைவு இறங்கி, ஓ.பி.யில் அரை நாள் நின்று, ரெண்டு நிமிஷம் பார்த்து அனுப்பினால் யாரும் மெடிக்கலுக்குத்தான் போவார்கள். 2021-ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத்தில் பிரஷர் மாத்திரையோடு பிசியோதெரபியும் வீட்டுக்கே வரும், ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள், விடாமல் கேளுங்கள்.