சிக்னலில் நின்றால் நடுக்கமா? முதலில் இன்ஜின் மவுண்டைப் பாருங்கள்

வணக்கம் நண்பரே. பழைய ஆட்டோமேட்டிக் செடான் வாங்கி இரண்டே மாதம், சிக்னலில் பிரேக்கை மிதித்து நிற்கும்போது ஸ்டியரிங் நடுங்குகிறது, மெக்கானிக் கியர்பாக்ஸையே மாற்றச் சொல்கிறார் என்று எழுதியிருந்தீர்கள். அவசரப்பட வேண்டாம். நியூட்ரலுக்கு மாற்றினால் நடுக்கம் நின்றுவிடுகிறது என்கிறீர்களே, அதை வைத்துப் பார்த்தால் எனக்கு மவுண்ட் மேல்தான், அதாவது இன்ஜினை பாடியோடு தாங்கிப் பிடிக்கும் ரப்பர் தாங்கி மேல்தான் சந்தேகம்.

டிரைவில் நிற்கும்போது டார்க் கன்வெர்ட்டர் (இன்ஜினையும் கியர்பாக்ஸையும் திரவம் மூலம் இணைக்கும் பாகம்) வழியாக இன்ஜினுக்குச் சுமை ஏறும். மவுண்ட் ரப்பர் தளர்ந்திருந்தால் அந்த அதிர்வு நேராக பாடிக்கு வந்துவிடும்.

பானெட்டைத் திறந்து வைத்து, பழக்கமான ஒருவரை பிரேக்கை அழுத்திப் பிடித்தபடி டிரைவ், ரிவர்ஸ் என்று மாற்றச் சொல்லுங்கள். நீங்கள் பக்கவாட்டில் நின்று பாருங்கள். வண்டிக்கு முன்னால் நிற்கவே கூடாது. இன்ஜின் துள்ளி எழுந்தால் மவுண்ட் போய்விட்டது. என் வண்டியில் திரவம் அடைத்த மவுண்ட். அது கிழிந்து, அடியில் கருப்பாக எண்ணெய்க் கறை வழிந்திருந்தது. தொட்டால் விரலில் பிசுபிசுவென ஒட்டியது. அதை மட்டும் மாற்றினேன், நான்கு மாதத்தில் அடுத்தது போனது. எல்லா மவுண்டையும் ஒரே நேரத்தில் பார்த்துவிடுங்கள்.

மவுண்ட் சரியாக இருந்தால், அப்புறம் இன்ஜினுக்குக் காற்றை அளந்து விடும் த்ராட்டில் பாடி, எரிபொருளைப் பற்றவைக்கும் ஸ்பார்க் பிளக் இரண்டையும் பாருங்கள். கியர் மாறும்போது வழுக்கலோ உதறலோ இல்லையென்றால், இதையெல்லாம் பார்க்கும்வரை கியர்பாக்ஸில் கை வைக்க விடாதீர்கள்.