காலில் மின்தூண்டல் கொடுத்தால் சிறுநீர்க் கசிவு குறையுமா?

கேள்வி: பெரம்பூரில் இருக்கிறோம். அம்மாவுக்கு 58 வயது. திடீரென்று யூரின் முட்டிக்கொண்டு வருகிறது, பாத்ரூம் போவதற்குள் கசிந்துவிடுகிறது. பஸ்ஸில் ஏறவே பயப்படுகிறார். கணுக்காலில் மின்தூண்டல் கொடுக்கலாம் என்கிறார் பிசியோதெரபிஸ்ட். காலுக்கும் சிறுநீர்ப்பைக்கும் என்ன சம்பந்தம்? முழங்கால் வலிக்கு வாங்கிய டென்ஸ் கருவியையே (தோல் வழியாக மின்துடிப்பு தருவது) வைக்கலாமா?

பதில்: இடுப்புப் பகுதி நரம்புகளைத் தூண்டுவதில்தான் என் முனைவர் பட்ட ஆய்வு. நான் டாக்டர் இல்லை. அதனால் கருவி பற்றி விரிவாகவும் நோய் பற்றிச் சுருக்கமாகவும் சொல்கிறேன்.

சம்பந்தம் நிச்சயம் உண்டு. உள்கணுக்காலுக்குப் பின்புறமாக ஓடும் டிபியல் நரம்பு, முதுகுத்தண்டின் அடிப்பகுதியிலிருந்து வருகிறது. சிறுநீர்ப்பையைக் கட்டுப்படுத்தும் நரம்புகளும் அதே இடத்தில்தான் சேர்கின்றன. காலிலிருந்து போகும் சீரான துடிப்புகள், சிறுநீர்ப்பையின் அவசர அழைப்பை அங்கே அடக்குகின்றன.

கிளினிக்கில் கணுக்காலுக்குச் சுமார் 5 செ.மீ. மேலே மெல்லிய ஊசி வைப்பார்கள். வழக்கமாக 20 ஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 20 துடிப்பு; ஒவ்வொரு துடிப்பும் 200 மைக்ரோசெகண்ட்; ஒரு தடவைக்கு 30 நிமிடம். வாரம் ஒருமுறை, 12 வாரம். நாலைந்து வாரத்தில் பலன் தெரியவில்லை என்று பாதியில் நிறுத்திவிடாதீர்கள். இது மெதுவாகத்தான் வேலை செய்யும்.

டென்ஸ் கருவியில் ஊசிக்குப் பதில் பேட். ஒன்று உள்கணுக்காலுக்குச் சற்றுப் பின்னால், இன்னொன்று அதற்கு 10 செ.மீ. மேலே. கரண்டை மெல்லக் கூட்டும்போது கால் பெருவிரல் மடங்க வேண்டும், அல்லது உள்ளங்காலில் குறுகுறுப்பு ஓட வேண்டும். பேட் ஒட்டிய இடத்தில் மட்டும் சுருக்கென்றால் நரம்பு சிக்கவில்லை, பேட்டை நகர்த்துங்கள். வலிக்கிற அளவுக்குக் கூட்டவே கூடாது. முதல் தடவை பிசியோதெரபிஸ்ட் கண்முன்னே செய்து பழகுங்கள். ஹெர்ட்ஸை மாற்ற முடியாத மசாஜ் கருவிகளை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

பேஸ்மேக்கர் இருந்தால் டாக்டர் அனுமதியில்லாமல் தொடவே வேண்டாம். காலில் புண், ரத்தக்கட்டி இருந்தாலும் அப்படித்தான். சர்க்கரை நோயால் பாதம் மரத்திருந்தால் கரண்டின் அளவு அவருக்கே தெரியாது, தோல் புண்ணாகலாம்.

இதற்கெல்லாம் முன்னால் ஒரு யூராலஜிஸ்ட்டைப் பாருங்கள். யூரின் தொற்றும் சர்க்கரையும் இதே தொல்லையைத் தரும். இருமினால், தும்மினால் மட்டும் கசிகிறதென்றால் அது வேறு வகை. அதற்கு இடுப்புத்தளப் பயிற்சிதான் (சிறுநீரை அடக்கும் தசைகளை இறுக்கித் தளர்த்துவது) முதலில். மூன்று நாளைக்கு எப்போது, எவ்வளவு குடித்தார், எத்தனை முறை போனார், எப்போது கசிந்தது என்று நோட்டில் எழுதிக்கொண்டு போனால் டாக்டருக்குப் பாதி வேலை மிச்சம்.

அப்புறம், வெளியே போகும் நாளில் அம்மா தண்ணீர் குடிக்காமல் இருக்கிறாரா என்று கவனியுங்கள். நம் ஊர்ப் பெண்கள் பலர் அப்படித்தான் சமாளிக்கிறார்கள். சிறுநீர் அடர்த்தியானால் சிறுநீர்ப்பை இன்னும் உறுத்தும். சென்னை வெயிலில் அது வேண்டாம். காபி, டீயைக் குறைக்கச் சொல்லுங்கள், தண்ணீரை அல்ல.